வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

ரயில்வே கேட் இறங்கத் தொடங்கியது.

அவள் தலைக்கு மேலே, தார்ப்பாய்க்குள், சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரு பொட்டுகூடத் தெரியாது.

அவள் கொய்யாவை நான்காகக் கீறி உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவினாள்.

தார்ப்பாய் வெயிலுக்குக் கட்டியது. யார் கேட்டாலும் அதுதான் பதில்.

வெயிலுக்குக் கட்டுகிற பாயை எவளாவது ரயில்வேக்காரன் நட்ட கம்பத்தின் உச்சியில் கொண்டுபோய்க் கட்டுவாளா என்று யாரும் கேட்கவில்லை.

இன்னும் கேட்கவில்லை.

முன்பு இந்தத் தொல்லை இல்லை. கேட் அடைத்தால் பஸ், வேன், லாரி எல்லாம் கேட்டில் மூக்கை முட்டிக்கொண்டு நிற்கும். ஜன்னலுக்குக் கீழே கூடையோடு அவள் நிற்பாள். கேட்டை ஒட்டிய இடத்தை அவளே எடுத்துக்கொண்டாள். மூத்த மருமகள் அல்லவா. ஓரகத்தி பஞ்சவர்ணத்தை, போனால் போகிறதென்று, தள்ளி ஒரு மின்கம்பத்தடியில் உட்கார வைத்தாள்.

“ஒனக்கு அந்த எடம் போதும்டி.”

போதும் என்றுதான் பஞ்சவர்ணமும் உட்கார்ந்தாள்.

அப்புறம் அவள் பக்கத்தில் கம்பம் நட்டு எல்இடி விளக்கு வந்தது. உச்சி வெயிலிலும் பளிச்சென்று கண்ணில் அடிக்கிற விளக்கு. கூடவே ரோட்டின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. சிவப்பு மின்னினால் வண்டிகள் அந்தக் கோட்டிலேயே நின்றுவிட வேண்டும்.

கோடு விழுந்த இடம், பஞ்சவர்ணத்தின் கூடைக்கு நேர் எதிரே.

தற்செயலாம்.

கோடு போட வந்தவர்களுக்குப் பஞ்சவர்ணம் பழம் அறுத்துக் கொடுத்ததை அவள் கண்ணால் பார்த்தாள். மோரும் கொடுத்தாளாம். அதைப் பார்க்கவில்லை. ஆனால் கொடுத்திருப்பாள்.

அன்றிலிருந்து கேட் அடைக்கும்போதெல்லாம் அவள் முன்னால் வெறும் ரோடு. அங்கே ஜன்னல் ஜன்னலாகக் கைகள். பஞ்சவர்ணம் நிமிர நேரமில்லாமல் அறுத்தாள். தலையில் மல்லிகை வேறு.

கொய்யா விற்க எதற்குப் பூ?

கூடையைத் தூக்கிக்கொண்டு அவளும் அங்கே போனால் என்ன என்று கேட்கலாம். கேட்கிறவர்களுக்கு ஓரகத்தி கிடையாது போலிருக்கிறது.

பாய் முதலில் தோளுயரத்தில் இருந்தது. பிறகு தலைக்கு மேலே போனது. இன்று காலை கல்லின் மேல் கல் வைத்து, ஏறி நின்று கட்டினாள். கேட்கீப்பரின் அறை தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். அவருக்குத் தெரிவது விளக்கின் முதுகு.

காலையில் கேட் அடைத்தபோது ஒரு மினி பஸ் கோட்டைத் தாண்டி அசைந்து அசைந்து வந்து அவள் முன்னால் நின்றது. கைகள் நீண்டன. அவள் வாங்குகிறவர்களைப் பார்க்கவில்லை. பஞ்சவர்ணத்தைப் பார்த்தாள்.

பஞ்சவர்ணம் கத்தியைப் பிடித்துக்கொண்டு வெறுமனே நின்றாள்.

அந்தக் காட்சிக்கு ஒரு கூடைப் பழத்தைச் சும்மாவே கொடுக்கலாம்.

இப்போது மறுபடியும் கேட் இறங்குகிறது.

தூரத்தில் ஒரு மொபெட். முன்னால் இரண்டு பெட்டி கொய்யா. தங்கமாயன். அவளுக்குக் கொழுந்தன், பஞ்சவர்ணத்துக்குப் புருஷன். பழத்தை அந்தப் பக்கத்துச் சந்தையில் சேர்க்க வேண்டிய அவசரம். சிவப்பைக் கண்டால் கோட்டில் நிற்கிற ஆள்தான்.

சிவப்பு இல்லை. நிற்கவில்லை.

கோட்டைக் கடக்கும்போது கழுத்தைத் திருப்பிப் பெண்டாட்டியைப் பார்த்துச் சிரித்தான்.

அவன் அண்ணனான அவள் புருஷன் கல்யாண போட்டோவில்கூட அப்படிச் சிரித்ததில்லை.

கேட் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. தங்கமாயனின் முகம் இன்னும் பின்னால்தான் இருந்தது.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததில் அவள் கை கொஞ்சம் தாமதித்தது. கொஞ்சம்தான். கேட்டால், தாமதிக்கவே இல்லை என்பாள்.

பிறகு பாயின் ஓரத்தைப் பிடித்து, உடம்பின் கனத்தையெல்லாம் போட்டு இழுத்தாள்.

“தம்பி! கேட்டு!”

கயிறு அறுந்தது. திரும்பியவன் முகத்தில் சிவப்பு அடித்தது. சக்கரம் கிறீச்சிட்டது. ஒரு பெட்டி சரிந்து கொய்யாக்கள் ரோட்டில் சிதறின. கேட் அவன் மூக்குக்கு முன்னால் இறங்கி நின்றது.

தங்கமாயன் நெற்றியைத் தடவிப் பார்த்தான். இருந்தது.

பிறகு தரையில் கிடந்த பாயைப் பார்த்தான். கம்பத்தில் தொங்கிய கயிற்றைப் பார்த்தான். சூது தெரியாத மனுஷன்.

“காத்துல அவுந்துருச்சா மதனி? வெயிலு என்னா போடு போடுது. இருங்க, கட்டித் தாரேன்.”

அவள் அடுக்கிய கல்லிலேயே ஏறினான். பாயை விளக்குக்கு மேலே கொண்டுபோனான்.

“இங்கதான இருந்துச்சு?”

கோட்டில் ஒரு பஸ் வந்து நின்றது. ஜன்னல்களிலிருந்து பஞ்சவர்ணத்தை நோக்கிக் கைகள் நீண்டன. பஞ்சவர்ணம் அறுக்கவில்லை. இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“மதனி, இங்கதான?”

“கீழ,” என்றாள்.

கொஞ்சம் இறக்கினான்.

“இன்னும் கீழ.”

“இதுக்கும் கீழன்னா குனிஞ்சுல்ல ஒக்காரணும்?”

“ஒக்காந்துக்கிறேன். நீ கட்டு.”

கட்டிவிட்டு, சிதறிய பழங்களைப் பொறுக்கப் போனான்.

அவள் குனிந்து பாய்க்கடியில் நுழைந்தாள். அங்கிருந்து பார்த்தால் ரோட்டில் ஒரு முழம்தான் தெரிந்தது. மற்றதெல்லாம் பாய்.

பஸ் இன்னும் கோட்டில்தான் நின்றது. யாரோ “ஏம்மா, பழம்!” என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஒரு முழ ரோட்டில் இரண்டு கால்கள் வந்து நின்றன. மெட்டி போட்ட கால்கள். அவளுக்கு நன்றாகத் தெரிந்த கால்கள்.

அவள் நிமிரவில்லை. ஒரு கொய்யாவை எடுத்துக் கத்தியை வைத்தாள்.

“எத்தன பழம்?” என்று கேட்டாள்.