முப்பத்திரண்டு சென்டிமீட்டர்

"எட்டு மாச வயிறு அடியிலேருந்து மேல முப்பத்திரண்டு சென்டிமீட்டர் உயரம் இருக்கணும். இருபத்தொன்பதுதான் இருக்கு. பிள்ளை வளரல, உள்ளேயே இறந்துடலாம். இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள் நர்ஸ் தங்கபுஷ்பம், டேப்பைச் சுருட்டியபடி.

அவள் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அவள் உதடு கிழிந்து, படுத்திருந்த சண்முகவடிவின் சேலையில் ரத்தம் தெறித்தது.

"எங்க வம்சத்துல எலிக்குஞ்சா?" என்றார் அறைந்த இசக்கிமுத்து, வடிவின் கணவர். தியாகராய நகரில் மூன்று மாடி ஜவுளிக்கடை வைத்திருப்பவரின் வாரிசு, ஒரு நர்ஸின் டேப்புக்குள் அடங்கிவிடுவதாவது!

"ஏங்க, நேத்துலேருந்து அசைவும் குறைஞ்சிருக்கு, போயிரலாம்" என்ற வடிவுக்கும் ஓர் அறை கிடைத்தது.

"ஏலே வெள்ளைச்சாமி, நம்ம கடை டேப்பை எடுத்துட்டு வாலே."

கீழே கடையிலிருந்து கணக்கப்பிள்ளை வெள்ளைச்சாமி டேப்போடு ஓடிவந்தார். முதலாளி தம் கையாலேயே மனைவியின் வயிற்றை அளந்தார். சரியாக முப்பத்திரண்டு.

"பாத்தியாட்டி?" என்று நர்ஸின் பையை மாடிப்படியில் வீசினார், அவளையும் அதன் பின்னாலேயே உருட்டிவிட்டார்.

வெள்ளைச்சாமி முதலாளியின் காதோரம் குனிந்தார். வடிவுக்கும் அது கேட்டது.

"மொதலாளி, இது ஆடித் தள்ளுபடிக்குன்னு நீங்க தனியா அச்சடிச்ச டேப்பு. மீட்டருக்கு அரைச்சாண் குறையும்லா."

கணக்கப்பிள்ளையை அறைய ஓங்கிய இசக்கிமுத்துவின் கை அந்தரத்திலேயே நின்றது.

வடிவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். கீழே ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவளிடம் கேட்டாள்:

"ரிக்‌ஷா கூப்பிடட்டுமா சிஸ்டர்? இன்னும் நேரம் இருக்கா?"