வேலியோரம் நான்கு தூண்கள்

"இந்தத் தூணெல்லாம் எப்போ நட்டீங்க?"

குரல் கேட்டதும் விளையாட்டு வாத்தியாரின் கையிலிருந்த பலகை நழுவிக் காலில் விழுந்தது. வலியை உணரக்கூட நேரமில்லை. பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றவர் கண்ணாடி போட்டிருந்தார். சட்டைப்பையில் பேனா. கையில் அளவு நாடா.

போச்சு. நகராட்சி ஆள்!

பள்ளிக்கூடத்தில் ஒரே விசிலில் மொத்த மைதானத்தையும் அசையாமல் நிறுத்துகிறவர் வாத்தியார். ஆனால் அதிகாரி என்றால் மட்டும் அவருக்குப் பயம். அதிலும் இன்றைக்குச் செய்த குற்றம் கண்ணெதிரே நான்கு காலில் நின்றுகொண்டிருந்தது.

மனைவிக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. சமையலறைப் பின்வாசலில் படியிறங்க முடியாமல், ஜன்னல் வழியாகவே தன் செடிகளை நலம் விசாரித்துக்கொண்டிருந்தாள். வாசல் மட்டத்துக்கே ஒரு மர மேடை போட்டுவிட்டால் அவள் நேராக வெளியே வந்து உட்காரலாம். அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்தாயிற்று. வந்து பார்ப்பார்கள் என்றார்கள், யாரும் வரவில்லை. வாத்தியார் பொறுமை இழந்து தூணை நட்டுவிட்டார்.

"முந்தாநேத்துதான் சார். சும்மா நிறுத்திப் பார்த்தேன்."

"சிமென்ட் போட்டா?"

"நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன் சார், அனுமதி வரட்டும்னு!" சமையலறை வாசலிலிருந்து மனைவி சொன்னாள். "இவர் காதுல வாங்கினாத்தானே?"

வந்தவர் தயங்கினார். "அதில்லைங்க, நான் வந்தது..."

"நீங்க எதுக்கு வந்தீங்கன்னு தெரியும் சார்!" வாத்தியார் ஓடிப்போய் ஒரு நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். "முதல்ல உட்காருங்க. இடிக்க மட்டும் சொல்லிடாதீங்க. எதை மாத்தணும்னு சொல்லுங்க, மாத்திடறேன்."

வந்தவர் கணவனையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாவகாசமாகச் சாய்ந்தார்.

"எதைச் சொன்னாலும் மாத்துவீங்களா?"

"மறு பேச்சே இல்லை சார்."

தேநீர் வந்தது. வந்தவர் அதை ரசித்துக் குடித்துவிட்டு எழுந்து வேலியோரம் போனார்.

"இங்க மேடை போட்டா, பக்கத்து வீட்டுப் படுக்கையறை பளிச்சுன்னு தெரியுமே?"

"அது மாசக்கணக்கா பூட்டிக் கிடக்கு சார். ஆளே இல்லை."

"எப்பவும் பூட்டியேவா கிடக்கும்? குடிவர்றவங்க ஆட்சேபணை சொன்னா?"

"சொல்லுவாங்களா சார்?"

"நானா இருந்தா சொல்லுவேன்."

வாத்தியார் வேகமாகத் தலையாட்டினார். "தள்ளிப் போட்டுடறேன்."

"வாசலுக்கு அந்தப் பக்கமா, மரத்து நிழல்ல போடுங்க. இந்தப் பக்கம் ஆளுயரத்துக்கு ஒரு தட்டி வச்சு மறைச்சிடுங்க. கொடி ஏத்தி விட்டா இன்னும் அழகா இருக்கும். அது சரி, தூண் உச்சியில கட்டியிருக்கற அந்தப் பெரிய விளக்கு எதுக்கு? கிரிக்கெட் மேட்ச் நடத்தப் போறீங்களா?"

"பள்ளிக்கூடத்துல வேண்டாம்னு கழிச்சது சார்..."

"இங்கயும் வேண்டாம். சின்னதா ஒண்ணு, தரையைப் பார்த்த மாதிரி இருக்கட்டும்."

"விதியில அப்படியா சார் இருக்கு?"

"விதியை விடுங்க. மனுஷன் தூங்க வேண்டாமா?"

மனைவி நெகிழ்ந்துபோனாள். "இவ்வளவு தன்மையா எடுத்துச் சொல்ற ஆபீசரை நான் பார்த்ததே இல்லைங்க."

வந்தவருக்குப் புரையேறியது. இன்னொரு தேநீர் குடித்துத்தான் சரிசெய்துகொண்டார். புறப்படும்போது வாத்தியாரின் கழுத்தில் தொங்கிய விசிலை உற்றுப் பார்த்தார்.

"இதை வீட்லயும் ஊதுவீங்களா?"

"விடியறதுக்கு முன்னாடி உடற்பயிற்சி பண்ணும்போது..."

"நல்லா விடிஞ்சப்புறம் ஊதுங்க."

"உத்தரவு சார்!"

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாத்தியாரும் தச்சரும் முதுகு ஒடிய வேலை செய்தார்கள். தூண்களைத் தோண்டியெடுத்து அந்தப் பக்கம் நட்டார்கள். மேடைக்குப் பலகை அடித்தார்கள். தட்டி வைத்தார்கள். விளக்கு இறங்கியது. மேடையில் மரநிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்த மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கட்டினவ சொன்னா ஏறாது. ஆபீசர் சொன்னா மட்டும் ஏறுது, பாருங்க."

அடுத்த வாரம் கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு பெண்மணி வந்தார்.

"நகராட்சியிலேர்ந்து வர்றேன். மேடை விஷயமா."

"மறுபடியுமா மேடம்? போன வாரமே உங்க ஆபீசர் வந்து பார்த்துட்டாரே. அவர் சொன்னபடி எல்லாத்தையும் மாத்தியாச்சு."

"எந்த ஆபீசர்? இந்தப் பகுதிக்கு நான் ஒருத்திதான்." அவர் மேடையைச் சுற்றிவந்தார். "இவ்வளவு தள்ளிப் போட வேண்டியதே இல்லையே. தட்டி, விளக்குக்கெல்லாம் விதியே கிடையாது. யார் உங்களை இந்தப் பாடு படுத்தினது?"

வாத்தியாரும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"சரி, போகட்டும். மேடை உறுதியா இருக்கு. பக்கத்து வீட்டுக்காரர் சம்மதம் மட்டும் கேட்டுக்கறேன். புதுசா யாரோ வீடு வாங்கி வந்திருக்காங்களாமே?" என்றவர், வேலியருகே போய்க் குரல் கொடுத்தார். "வீட்ல யாருங்க? இந்த மேடையில உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணை இருக்கா?"

படுக்கையறை ஜன்னல் திரை விலகியது. நிம்மதியாகத் தூங்கி எழுந்த முகம் ஒன்று, கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தது.

"எனக்கு என்னங்க ஆட்சேபணை? நான் சொன்னதையெல்லாம்தான் ஒண்ணு விடாம செஞ்சுட்டாங்களே!"