காயாத வரைக்கும்

முதல் உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்து முடித்தபோது, அதுவரை மங்கலாக மட்டும் இருந்த காரின் ஹெட்லைட் இரண்டும் பால் ஊற்றியதுபோல் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டன.

மணி நாலேகால். ஐந்து மணிக்கு மனைவி வந்து வண்டியை எடுப்பாள்.

நாளையிலிருந்து அவளுக்கு வேறு கிளையில் வேலை. விடிவதற்குள் கிளம்பி, இருட்டில் நாற்பது கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். போன மழைக்காலத்தில் இதே விளக்கை நம்பித் திருப்பத்தில் கல்லின்மேல் ஏற்றிவிட்டாள். "லைட்ட மாத்துங்க" என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருஷமாக அவனும் ஒரே பதிலைத்தான் சொன்னான். மெக்கானிக் எதற்கு, ஞாயிற்றுக்கிழமை நானே பண்ணிவிடுகிறேன். அப்படி நூறு ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

இன்று புதன்கிழமை. இதற்கென்று லீவு போட்டிருந்தான். அதுவும் அரை நாள்தான்.

அவளுடைய அக்கா வீட்டில் அவனுக்கு அரைக்கிணறு என்று பெயர். எந்த வேலையையும் பாதிக்குமேல் தாண்டமாட்டானாம். அநியாயப் பழி என்று சொல்லவும் வாய் வராது. கூடத்துச் சுவரில் பாதி நீலம். புத்தக அலமாரிக்கு ஒரு பக்கம்தான் ஆணி, மறுபக்கம் கடவுளுக்கே வெளிச்சம். குளியலறைக் குழாய் ஒரு வருஷமாகக் கயிற்றின் தயவில் நிற்கிறது.

வந்ததும் முதலில் பற்பசையைத்தான் தேய்த்துப் பார்த்தான். ஏதோ வீடியோவில் பார்த்தது. அரை ட்யூப் தீர்ந்து, வண்டியின் வாய் மணந்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. பிறகுதான் கடைக்கு ஓடி உப்புத்தாள் வாங்கி வந்தான்.

இப்போது மானத்தை விட்டு மெக்கானிக்குக்குப் போன் செய்தான்.

"முதல் தாள்ல அப்படித்தான் சார் வெளுக்கும். இன்னும் நைசா மூணு தாள் போடணும், தண்ணி காயவே விடக்கூடாது. பயந்து பாதியில விட்டீங்கன்னா போச்சு."

பாதியில் விடாதே என்று இவனிடம் சொல்ல வேண்டும் என்று அந்த மனுஷனுக்கு யார் சொன்னார்களோ!

ஒரு மக் தண்ணீரை எடுத்து ஊற்றினான். என்ன ஆச்சரியம், விளக்கு கண்ணாடி மாதிரி பளிச்சென்று தெரிந்தது. உள்ளே பல்பு, அதைச் சுற்றி வெள்ளித் தகடு, எல்லாம் அச்சு அசலாகப் புது வண்டி. அடேயப்பா, நம் கைக்கும் இவ்வளவு வருமா என்று இரண்டடி பின்னால் தள்ளி நின்று ரசித்தான். ரசித்து முடிப்பதற்குள் தண்ணீர் காய்ந்தது. மறுபடி பால்.

மூன்று தாள்கள் பாக்கி. இரண்டு விளக்குகள். ஒரு தாளுக்குக் கால் மணி நேரம் என்றாலும்... கணக்குப் போட்டுப் பார்க்கவே பயமாக இருந்தது. இன்றைக்கு இந்த ஒன்றையாவது முழுசாக முடித்து அவள் கண்ணில் காட்டிவிட வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

இரண்டாவது தாளைப் பாதி தேய்த்திருந்தபோது தெருமுனையில் ஆட்டோ வந்து நின்றது. ஐந்தாக இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. எதில் அவசரமோ இல்லையோ, இதில் அவளுக்கு அவசரம்.

அவன் செய்யக்கூடியதைத்தான் செய்தான். வாளியிலிருந்து மொண்டு இரண்டு விளக்குகளிலும் தண்ணீரை ஊற்றினான். பளபளவென்றது வண்டி.

அவன் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பது கேட் கம்பி வழியாக நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவள் அழைப்பு மணியை அடித்தாள். பதினாறு வருஷம் இதே கேட்டைக் காலால் தள்ளித் திறந்தவள், கோபித்துக்கொண்டு மூன்று மாதம் அக்கா வீட்டில் இருந்துவிட்டு வந்து, யாரோ விருந்தாளி மாதிரி மணி அடித்துக் காத்து நின்றாள்.

கையிலிருந்த தாளைக் கீழே போட்டான். ஓடிப்போய்த் திறந்தான்.

அவள் குனிந்து விளக்கைப் பார்த்தாள். அவனையும் பார்த்தாள்.

"நனைஞ்சிருக்கிற வரைக்கும் எல்லாம் பளபளன்னுதான் இருக்கும். காயட்டும், பாக்கலாம்."

பதினாறு வருஷத்தில் அவனைப் பற்றி யாரும் இவ்வளவு சுருக்கமாக எடுத்துச் சொன்னதில்லை.

இருவர் கண்ணெதிரே விளக்குகள் மெல்ல வெளுத்தன. அவன் தாளை எடுத்து நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தான்.

அவள் சாவி கேட்கவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டியபடியே படியில் உட்கார்ந்தாள்.

மூன்றாவது தாளுக்கு வந்தபோதுதான் ஒன்று உறைத்தது. இது முடிந்தால் அவள் போய்விடுவாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலையை முழுசாக முடிக்க வரம் கேட்டவன், அது முடியக்கூடாதே என்று தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த மூலையில விட்டுட்டீங்க," என்றாள் அவள்.

விட்டிருந்தான்தான். தேய்த்தான்.

வாளியில் தண்ணீர் தீர்ந்தது. அவன் எழுவதற்குள் அவள் மக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பிறகு குளியலறையிலிருந்து குரல் வந்தது.

"இந்தக் குழாய இன்னும் கயித்துலதான் கட்டி வச்சிருக்கீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

நிறைந்த மக்குடன் வெளியே வந்து அவளே விளக்கின்மேல் ஊற்றினாள். தோளில் கைப்பை இல்லை. காலில் செருப்பும் இல்லை.

அதையெல்லாம் எங்கே வைத்தாள் என்று அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அதையும் சொதப்பிவிடுவான்.