கனமான சப்பாத்து

"அக்கா, இந்தச் சப்பாத்த மாத்திக் குடுக்க முடியுமா? புள்ளைக்கு ஒத்து வரல."

சிரம்பானில் இருக்கும் தன் கடையில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த சஃபியா, கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள். பேசியவள் லோகேஸ்வரி. ரெம்பாவ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருப்பவள். அவளுடைய தம்பி வசந்தன்தான் போன வாரம் கடைக்கு வந்து, அக்காவின் நான்கு வயது மகள் தர்ஷிகாவுக்கென்று ஒரு ஜோடி வாங்கிப் போனான்.

சஃபியா விற்பது மற்ற கடைகளில் கிடைக்கிற சப்பாத்து இல்லை. அடிப்பாகம் ஒரு தோசையின் கனத்துக்கு மேல் இருக்காது. இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். விரல்கள் விரிந்து கிடக்க முன்பக்கம் நல்ல அகலம். வெறுங்காலில் ஓடுகிற மாதிரியே இருக்கும். கல்லும் முள்ளும் மட்டும் குத்தாது. பள்ளிக்கூட நாளில் போட்ட இறுக்கமான சப்பாத்து அவளுடைய சுண்டுவிரல்களை வளைத்துவிட்டது. அந்தக் கோபத்தில்தான் கடையையே திறந்தாள் என்று அவள் கணவன் சுல்தான் கேலி செய்வான்.

"அளவு பத்தலையாம்மா?"

"இல்லக்கா, அளவெல்லாம் சரியா இருக்கு."

"கால் வலிக்குதுன்னு சொல்றாளா?"

"அதெல்லாம் இல்லக்கா. கழட்டவே மாட்டேங்குறா. போட்ட நாள்லேர்ந்து ஒரே ஓட்டம்தான்."

"அப்புறம் என்னதான் பிரச்சினை?"



"அந்த ஓட்டம்தான்கா. பழைய மாதிரி கனமா, அடி கெட்டியா ஏதாச்சும் இருந்தா குடுங்க."

சஃபியா கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள். ஏழு வருட வியாபாரத்தில் இப்படி ஒருவரும் கேட்டதில்லை.

"ஓடறதுக்குத்தானம்மா இந்தச் சப்பாத்து. கனமானதப் போட்டா புள்ள காலத் தூக்கி வைக்கவே சிரமப்படுமே."

"கொஞ்சம் சிரமப்பட்டாலும் பரவால்லக்கா. நேத்து லோரி போற ரோட்டு வரைக்கும் போயிட்டா. பக்கத்து வீட்டு முத்தாயி அக்காதான் தூக்கிட்டு வந்தாங்க."

"அதுக்குச் சப்பாத்த குத்தம் சொன்னா எப்படி லா? நீங்கதான் புள்ள மேல ஒரு கண்ணு வெச்சுக்கணும்."



"ஆமாக்கா, வெச்சுக்கணும்தான்," என்றாள் லோகேஸ்வரி, கொஞ்சமும் குரல் மாறாமல்.

அந்த நிதானம் சஃபியாவுக்கு எரிச்சலாக இருந்தது. "தப்பா நினைக்காதீங்க. பையனா இருந்தா இப்படிக் கேப்பீங்களா?"

"பையனா இருந்தாலும் இதேதான் கேப்பேன்கா."

ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லி, சஃபியா பேச்சை முடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் தேநீர் குடிக்கும்போது சுல்தானிடம் குமுறினாள். "ஓடற புள்ளைக்குக் கால்ல கல்லக் கட்டி விடச் சொல்றாங்க அந்தம்மா."

"கேட்டதக் குடுத்துட்டுப் போயேன்."

"மாட்டேன். என் காலு வளைஞ்சது போதும். நேர்ல பேசினா புரிஞ்சுக்குவாங்க."

ஞாயிறு காலை பத்து மணிக்கு அவளுடைய கார் தோட்டத்துக்குள் நுழைந்தது. செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு எதிரே போனது. என்னென்ன சொல்ல வேண்டும் என்று சஃபியா வழியெல்லாம் மனதுக்குள் பேசிப் பார்த்திருந்தாள். எலும்பு, விரல், முதுகு என்று வரிசையாகச் சொல்லி, கடைசியில் தன் சப்பாத்தையே கழற்றி, வளைந்த விரலைக் காட்டிவிடுவது என்று முடிவு.

வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளின் கோடியில், சிமெண்டுத் தரை போட்ட வாசலைச் சுற்றிச் சுற்றி ஒரு சிறுமி ஓடிக்கொண்டிருந்தாள். நீலச் சப்பாத்து. தரையில் கால் பாவுகிறதா இல்லையா என்றே தெரியாத ஓட்டம். சஃபியா காரை நிறுத்திவிட்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் காலையா கட்டிப் போடச் சொல்கிறாள் பெற்றவள்? பேசிவிட வேண்டியதுதான் என்று இறங்கினாள்.

லோகேஸ்வரி வாசல் நடுவில் நின்றிருந்தாள். ஓடி வந்த சிறுமி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, சஃபியாவைப் பார்த்ததும் 'சொல்லாதீங்க' என்பதுபோல் உதட்டில் விரல் வைத்தாள்.

"லோகேஸ்வரிதானேம்மா? நான் சஃபியா. சப்பாத்துக் கடை."

"வாங்கக்கா." குரல் வந்த பக்கம் திரும்பினாள் லோகேஸ்வரி. அவள் பார்வை சஃபியாவின் தோளைத் தாண்டி எங்கோ போய் நின்றது. "இவ்வளவு தூரம் உங்கள அலைய வெச்சுட்டேன். பழைய சப்பாத்துன்னா டக்கு டக்குனு கேக்கும்கா. எங்க ஓடுறா, எங்க நிக்கிறான்னு அத வெச்சுத்தான் தெரிஞ்சுக்குவேன். இதுல சத்தமே வரல."

சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டித் துழாவியபடி, லோரி போகிற சாலையின் பக்கம் முகத்தைத் திருப்பி, "தர்ஷிகா, எங்கம்மா இருக்க?" என்று கூப்பிட்டாள்.

அவளுக்கு ஓரடி பின்னால், சிரிப்பு வெளியே வந்துவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள் குழந்தை.