நான்காவது ஓரம்

“ஏனுங்க தம்பி, சுத்தியும் கரை வெக்காம சுவத்துல மாட்டுனா, கிழிச்செடுத்த துணியாட்ட இருக்குமுங்க. பைண்டிங் அடிச்சுத் தாரேன். சிவப்புல போட்டா எடுப்பா இருக்கும்.”

“கரை வேண்டாமுங்கம்மா. ஃபேஸிங் அடிச்சுக் குடுங்க. பட்டி மொத்தமும் பின்னாடி மடிஞ்சிரட்டும். முன்னாடி படம் ஓரம் வரைக்கும் தெரியோணும்.”

தையல்கடைக்கார இருதயம்மாள் குவில்ட்டை மேசையில் விரித்தாள். துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த படம். அமராவதி ஆறு, அதன்மேல் பாதிப் பாலம், பாலத்தில் ஒரு பையன். அவன் நீட்டிய கை வலது ஓரத்தில் போய் முட்டி நின்றது.

கோவையிலிருந்து அத்தனை தையல்கடைகளையும் தாண்டி மதன்குமார் பெரியநாயக்கன்பாளையத்துக்கு வந்தது ஓரம் மடிக்க மட்டுமல்ல. இருதயம்மாள், அவன் காதலிக்கும் ஜெனிதாவின் அம்மா.

“அம்மா சரின்னா சரி, மதன். வேண்டாம்னுட்டா இத்தோட முடிச்சுக்கலாம். அவங்களை அழ வெச்சுட்டு என்னால வர முடியாது” என்று ஜெனிதா சொல்லியிருந்தாள். பாலத்தின் மறுபாதியும் அதில் கை நீட்டி நிற்கும் பெண்ணும் அவள் தைத்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் இரண்டையும் அம்மா முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்பதாகத் திட்டம். கரை வைத்தால் இரண்டு கைகளுக்கும் நடுவே சிவப்பாக ஒரு வேலி நிற்கும்.

அதற்கு முன்பே வாடிக்கையாளனாகப் போய் நல்ல பெயர் வாங்கிவிடலாம் என்பது மட்டும் மதனின் சொந்த யோசனை. அது ஜெனிதாவுக்கே தெரியாது.

“ஃபேஸிங் போட்டா கால் இஞ்ச் உள்ள போயிருமுங்க. வெரலு நுனி காணாமப் போகும், பரவால்லீங்களா?”

“அதுக்குன்னே கூட விட்டுத் தெச்சிருக்கேனுங்க.”

“ம். கணக்காத்தான் இருக்கீங்க. எந்த ஊருங்க?”

“தாராபுரமுங்க.”

“என்ன வேலை?”

“துணி டிசைனுங்க. கம்பெனில.”

“கூடப் பொறந்தவங்க?”

“ஒரு அக்கா. கட்டிக் குடுத்தாச்சுங்க.”

“பீடி, சிகரெட்டு, தண்ணி?”

“ஐயோ, இல்லீங்கம்மா.” ஓரம் மடிக்க இத்தனை விவரம் எதற்கு என்று அவனுக்குப் புரியவில்லை. பேச்சுத்துணை இல்லாதவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

“ஊர்ல எந்தக் கோயிலுங்க?”

மதன் நிமிர்ந்து பார்த்தான். சுவரில் மாதா படத்துக்குக் கீழே சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“அங்காளம்மனுங்க.”

“நோம்பி, திருவிழான்னா ஊட்டுல விருந்து உண்டுங்களா?”

“உண்டுங்க. வாரவங்க எல்லாத்துக்கும் சோறு போடுவோமுங்க.”

“ஆரு வந்தாலுமா?”

“ஆரு வந்தாலுமுங்க. எங்கம்மா சாதி, சாமியெல்லாம் கேக்க மாட்டாங்க. சோறு பத்துச்சா, கொழம்பு பத்துச்சான்னுதான் கேப்பாங்க.”

இருதயம்மாள் சிரிப்பை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு டேப்பை எடுத்தாள். “பட்டியோட உள்பக்கத்தக் கையிலதான் தெக்கோணும். ஊசி புடிப்பீங்களா? புடிப்பீங்கன்னா உக்காருங்க. கீழ்ப்பக்கம் நீங்களே போடுங்க, பாப்போம்.”

அவன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து தைத்தான். இரண்டு தடவை பிரிக்கச் சொன்னாள். முகம் சுளிக்காமல் பிரித்தான். கிளம்பும்போது, “சனிக்கிழமை வந்து வாங்கிக்கங்க” என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை மதன் வந்தபோது குவில்ட் மடித்துத் தயாராக இருந்தது. விரித்துப் பார்த்தான். மேல் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் நேராக இருந்தது. கீழும் அப்படியே. இடது பக்கத்தைத் திருப்பினான். பின்னால் நீலப் பட்டி, எறும்பு ஊர்ந்ததுபோல் பொடித் தையல்.

வலது பக்கம் வந்ததும் விரல்கள் நின்றன. கை நீண்டு முடியும் அந்த ஓரத்தில் பட்டியே இல்லை. பிசிறு அப்படியே தொங்கியது.

நாளைக்குக் காலையில் இதை எப்படிக் கொண்டுபோய் வைப்பது? நான்கு பக்கத்தில் முக்கியமானதே இந்தப் பக்கம்தானே.

“அம்மா... இந்தப் பக்கம் மறந்துட்டீங்களாட்ட இருக்குதுங்க.”

“மறக்குலீங்க. வேணும்னேதான் உட்டு வெச்சேன்.”

“நாளைக்கு வேணுமுங்கம்மா. ரொம்ப முக்கியமான காரியமுங்க. இப்பவே அடிச்சுத் தர முடியாதுங்களா? எவ்வளவு நேரம் ஆனாலும் இருக்கறேன்.”

இருதயம்மாள் அலமாரியைத் திறந்து இன்னொரு குவில்ட்டை எடுத்துவந்து, அவனுடையதற்கு வலப்பக்கம் விரித்தாள். பாலம் ஒன்றாகி, அக்கரையிலிருந்து நீண்ட பெண்ணின் கை பையனின் விரலைத் தொட்டது. அந்தத் துணியிலும் இடது ஓரத்தில் மட்டும் பட்டி பிரிக்கப்பட்டுப் பிசிறு தொங்கியது.

மதன் குனிந்து அந்தப் பிசிறைத் தொட்டுப் பார்த்தான்.

“எம்பட பொண்ணு பீரோவுல சேலைக்கடியில ஒளிச்சு வெச்சிருந்தா. போன மாசமே பாத்துப்போட்டேன்” என்றபடி மெஷினில் புது நூல் கோத்தாள் இருதயம்மாள். “ரெண்டையும் ஒண்ணாச் சேத்துத் தெக்கப்போற எடத்துல, நடுவுல எதுக்குங்க மாப்பிள்ளை, ஓரம்?”