சாக்குக்கு அடியில்

அமெரிக்காவில் ஹட்சன் கார் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். அதனால் மக்பூல் மௌத்தாகி அடக்கமான பிறகு, உதிரிப்பாகம் கிடைக்காத அவருடைய வாடகைக் காரை வாங்கத் தேயிலை மலை ஊரான அக்கரப்பத்தனையில் ஆளில்லை. மர ஆலைக்காரர் இன்ஜினை மட்டும் கழற்றிக்கொண்டு போனார். அப்புறம் சக்கரங்களும் போயின. மிச்சம், மனைவியின் அண்ணன் அன்ஸாரின் கடைக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் செங்கல் மேல் நின்றது.

பனியில் இன்ஜின் விறைத்துப்போகக் கூடாதென்று மக்பூல் மாலையானால் பானெட்டைச் சாக்கால் மூடிவிடுவார். அவர் மனைவி செரீபா அந்தப் பழக்கத்தை விடவில்லை. வாப்பா முகம் பார்க்காத கைக்குழந்தையின் துணிகள் அடைமழையில் காயாமல் கிடந்தபோது, அவற்றையும் அந்தச் சாக்குக்கு அடியில் விரித்துவைத்தாள். விடிந்து எடுத்தால் மொறமொறவென்று காய்ந்திருந்தன.

கொட்டகை தனக்கு வேண்டுமென்று அண்ணன் அன்ஸார் சொல்லிவிட்டதால், பழைய இரும்பு வாங்கும் ராமநாதன் ஒருநாள் மழையோடு வந்தார். சாக்கின் ஓரத்தை விலக்கிப் பானெட்டில் கை வைத்தவர் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"என்னா தங்கச்சி, இப்புடிச் சுடுது?"

மேலே கிடந்த சாக்கோடும் குழந்தைத் துணிகளோடும் பானெட்டைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார். உள்ளே சிலந்தி வலையும், அதற்குக் கீழே மண் தரையும்தான் இருந்தன.

"மழைன்னா நானுஓயா ஸ்டேஷனுக்கு ஆளுங்கள ஏத்திக்கிட்டுப் போவாரு," என்றாள் செரீபா, குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டபடி. "இப்பதான் வந்திருப்பாரு."

ராமநாதன் பானெட்டைச் சத்தமில்லாமல் மூடினார்.

"மழ விடட்டும் தங்கச்சி. பொறகு பாத்துக்குவோம்."

பிறகு, சொட்டச் சொட்ட நனைந்திருந்த தன் கோட்டைக் கழற்றி, சாக்குக்கு அடியில், குழந்தையின் சட்டைக்குப் பக்கத்தில் ஓரமாக விரித்தார்.