மஞ்சள் ஆற்றங்கரையில் ஒரு பனை

“என் அறைக்குள் யாரைக் கூட்டி வந்தாய், மரியா?”

மரியமலர் தூசித்துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மன்னாரிலிருந்து வந்து, பலெர்மோவில் இந்த வீட்டைத் துடைத்துக் கூட்டத் தொடங்கி மூன்று வருடமாகிறது. ஒருநாளும் இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை.

“ஒருவரையும் இல்லை, சிஞ்ஞோரா” என்றாள், தனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில்.

சிஞ்ஞோரா கொன்செத்தா தொல்லியல் பேராசிரியை. சீனாவில் எழுத்து வருவதற்கு முன்பு வாழ்ந்த மனிதர்கள் என்ன விதைத்தார்கள், சுற்றிவர என்ன காடு இருந்தது என்பதையெல்லாம் அங்கத்தைய மண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவார். நண்பர்கள் பொட்டலம் பொட்டலமாக மண் அனுப்புவார்கள். ஊர் முழுக்கத் தூசியை வெளியே கொட்ட, இந்த மனுஷி தபாலில் வரவழைக்கிறாரே என்று மரியமலர் வந்த புதிதில் சிரித்ததுண்டு.

இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமை பொலிஸ் கந்தோரில் அவளுடைய பெர்மெஸோவை, அதாவது வதிவிட அனுமதியை, புதுப்பிக்க வேண்டும். ‘என் வீட்டில் வேலை செய்கிறாள்’ என்று சிஞ்ஞோரா கடிதம் கொடுக்காவிட்டால் அனுமதி இல்லை. அனுமதி இல்லாவிட்டால் இத்தாலியே இல்லை.

“இங்கே வந்து பார்.” சிஞ்ஞோரா அவளை நுணுக்குக்காட்டிக்குப் பக்கத்தில் இழுத்தார். “இது மகரந்தத் தூள். மஞ்சள் ஆற்றங்கரை மண்ணில் இருந்தது. ஆறாயிரம் வருடத்து மண். பனி கொட்டுகிற இடம். அங்கே தினையும் ஊசியிலை மரமும்தான் வர வேண்டும். இது என்ன மரம், சொல்.”

மரியமலருக்கு உருண்டையாக ஏதோ தெரிந்தது. “தெரியாது, சிஞ்ஞோரா.”

“பனை! பலெர்மோத் தெருவில் நிற்கிற ஈச்சை அல்ல, உன் ஊர்ப் பனை. உன் ஊரிலிருந்து வந்து இந்த அறைக்குள் நுழைகிறவள் நீ ஒருத்திதான்.”

“நான் மேசையைத் தொடுவதே இல்லை. நீங்கள்தானே தொடாதே என்றீர்கள்?”

“அப்படியானால் யாரோ உன்னைக் கொண்டு செய்வித்திருக்கிறார்கள். என் பெயரைக் கெடுக்கக் காத்திருக்கிறவர்கள் எனக்குத் தெரியாதா? போன வாரம் பல்லரோச் சந்தையில் தொப்பிக்காரன் ஒருவனோடு பேசிக்கொண்டு நின்றாயே, யார் அவன்?”

“மீன்காரன், சிஞ்ஞோரா.”

சிஞ்ஞோரா நம்பவில்லை. “இந்தப் பனையை நம்பி பெய்ஜிங்குக்கு ஃபக்ஸ் அனுப்பிவிட்டேன். எல்லோரும் சிரிக்கிறார்கள். வியாழனுக்குள் உண்மையைச் சொல். சொன்னால்தான் கையெழுத்து.”

செய்யாத குற்றத்தை எப்படி ஒப்புக்கொள்வது? அல்பெர்கேரியாவின் ஒடுங்கிய சந்துகளில் வீட்டுக்கு நடக்கும்போது அவளுக்கு அழுகையை முந்திக்கொண்டு கோபம் வந்தது.

“கையெழுத்துப் போடாமல் தப்புறதுக்குத்தான் அந்த மனிசி பனையெண்டும் வடலியெண்டும் கதை விடுது” என்றான் கணவன் வலன்ரைன். கொஞ்சம் பொறுத்து, குரலைத் தாழ்த்தினான். “மலர், உண்மையைச் சொல்லும். நீர் ஏதும் தட்டிக் கொட்டினனீரோ?”

“நீங்களுமோ! கட்டின மனிசனே நம்பாட்டி, அந்தச் சிஞ்ஞோரா எப்பிடி நம்புவா?”

“கோவிக்காதையும், சும்மா கேட்டன். நாரி இழுக்குது. மருந்தைக் கரைச்சுத் தாரும்.”

மருந்து என்பது மடு மாதா கோயில் மண். மன்னாரிலிருந்து அக்கா அனுப்பியது. இவர்கள் வீட்டில் தபால்பெட்டி இல்லை, ஊர்த் தபாலெல்லாம் சிஞ்ஞோராவின் பெயருக்குத்தான் வரும். இரண்டு மாதத்துக்கு முன்பு சிஞ்ஞோரா தன்னுடைய பார்சல்களோடு இதையும் பிரித்து, அக்காவின் கடிதத்தையும் கைக்குள் அடங்குகிற ஒரு பொட்டலத்தையும் எடுத்துக் கொடுத்தார். அன்று தொடக்கம் காலையும் மாலையும் செபம் சொல்லி, தண்ணீரில் கரைத்துக் குடிக்கிறான். மாடிப்படி கழுவிக் கழுவி இடுப்பில் வந்த நாரிப்பிடிப்பு பாதி குறைந்தும்விட்டது.

“மாதாவே, என்ரை கையாலை ஒரு பிழையும் நடக்கேல்லை. அதை நீதான் காட்டித் தரவேணும்” என்று மன்றாடிக்கொண்டே மரியமலர் பொட்டலத்துக்குள் கரண்டியை விட்டாள். அடியில் ஏதோ தட்டுப்பட்டது. மண்ணுக்குள் புதைந்து கிடந்த சின்னக் கடதாசி. ஊதி விரித்தாள்.

சிஞ்ஞோராவின் மேசையில் நாள்தோறும் பார்க்கிற அதே சீன எழுத்து.

“என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர்? கெதியாத் தாருமன்” என்றான் வலன்ரைன்.

பொட்டலத்தை மாற்றிக் கொடுத்தது சிஞ்ஞோராதான் என்று மாதா காட்டிக் கொடுத்துவிட்டாள். ஆனால், திருப்பிக் கொடுக்க வேண்டிய அந்த ஆறாயிரம் வருடத்து மண்ணில் முக்கால்வாசி வலன்ரைனின் வயிற்றுக்குள் போயிருந்தது.